ஆற்றுத் திருவிழாவுக்குப் போன சங்கிலி

பினாங்கில் கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு கண் போதாது. ஒன்று அலையைப் பார்க்க வேண்டும், மற்றது கரையில் கழற்றிப் போட்ட துணிமணியைப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சப்பாத்துக்குள் திணித்தார். சப்பாத்தைக் கால்சட்டையில் சுருட்டினார். அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, துண்டு பறக்காமலிருக்க ஓர் இளநீரையும் தூக்கி வைத்தார். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டு நீந்தப் போனார். நானும் பிள்ளைகளும் ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் இளநீர் மட்டும் இருந்தது. ஈர அரைக்கால் சட்டையோடு அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கோலத்தை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். கடலுக்குப் போனால் வீட்டு ஆள் ஒருவர் கரையிலேயே உட்கார வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நானாகவே அமைந்துவிட்டேன். தீவில் பிறந்து வளர்ந்தும் உனக்கு நீந்தத் தெரியாதா என்று சிரிக்கிறார்கள். மூட்டை காப்பவளுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் எனக்கு மேல் ஆள் இல்லை என்ற எண்ணத்தோடுதான், எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி முடிவில், நான் திருவண்ணாமலைக்குப் போனேன். அங்கே என் அம்மாவின் தங்கை இருக்கிறார். அவர் மகள் வசந்தாவுக்குத் தை மாதம் கல்யாணம். அம்மா கல்யாணமாகிக் கப்பலேறி பினாங்குக்கு வந்தவர், அப்புறம் ஊர்ப் பக்கம் போகவே இல்லை. இப்போது முட்டி வீங்கி மாடிப்படி ஏறவே முடியவில்லை. சேதி வந்ததும் கழுத்தில் கிடந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

“பெண்ணையாத்துல நனைச்சு அந்தப் பொண்ணு கழுத்துல போடு. நான்தான் போக முடியல, இதாவது போயி முழுகட்டும்” என்றார். அம்மாவின் வெறுங்கழுத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். சங்கிலி இருந்த இடத்தில் தோல் வெளுத்துப்போய் ஒரு கோடு ஓடியது. இந்தச் சங்கிலிக்கு ஒன்று ஆனால் நான் திரும்பி வந்து அந்தக் கழுத்தைப் பார்க்க முடியாது என்று அப்போதே தோன்றிவிட்டது.

இரட்டைத் துணியில் ஒரு பட்டை தைத்து, அதற்குள் சங்கிலியையும் பாஸ்போர்ட்டையும் வைத்து, புடவைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டேன். தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை. கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரம்மா எனக்கு ஏதோ இடுப்பு வலி என்று நினைத்துத் தைலம் கொடுத்தார். வாங்கித் தடவிக்கொண்டேன், உண்மையைச் சொல்லவில்லை.

முதல் பாடம் கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் கிடைத்தது. துறைமுகத்தில் இறங்கி நான் ஏறிய திருவண்ணாமலை பஸ் அங்கே பஞ்சராகி நின்றது. டிரைவர் பீடி பற்றவைத்தார், கண்டக்டர் சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்தார். சனம் முழுக்க இறங்கிப் பக்கத்துக் கொல்லையில் பச்சைக் கடலைக்காய் வாங்கித் தின்ன ஆரம்பித்தது. என் பக்கத்தில் இருந்த பெண் கைக்குழந்தையை என் மடியில் போட்டார், அதன் மேல் தன் சுருக்குப்பையையும் போட்டார். “இந்தா, கொஞ்சம் புடிம்மா” என்று சொல்லிவிட்டு வேலிக்கு அப்பால் போனவர் ஒரு பாடு நேரம் கழித்துத்தான் வந்தார். வந்தவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவரிடம் பையைக் கொடுத்தால் அதற்குப் பெயர் தானம். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, நாலு திட்டு திட்டலாம் போலவும் இருந்தது.

சின்னம்மா வீடு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருந்தது. ஏரிக்கரைக்குக் கீழே நிலம், வாசலில் நின்றால் மலை. அங்கே யாரும் மலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஆனால் பேச்சுக்கு நடுவில் எல்லோருடைய கையும் அந்தப் பக்கம் போகிறது. மழை வருமா என்றாலும் அங்கேதான் காட்டுகிறார்கள், மாடு காணோம் என்றாலும் அங்கேதான். சின்னம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, இடுப்பில் இன்னா கட்டியிருக்க என்று கேட்டார். சொன்னேன். ராத்திரி படுக்கும்போதாவது அவிழ்த்து வைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். பாவம், முதல் நாளே சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சண்டைக்கு அங்கே வேறு ஆள் இருந்தது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் அண்ணன் வீடு. அண்ணன் மனைவி தனபாக்கியம் எனக்குப் பெரியம்மா முறை. சின்னம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பொதுக் கிணறு, பொது மோட்டார், தண்ணீர் முறை. அந்த முறையில் யார் முறை தவறியது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள், ஒரே பீடிக்கட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஓரகத்திகள் மட்டும் மாட்டோடு பேசுகிறார்கள். “ஏண்டி லட்சுமி, குப்பையை எவ வாசல்ல தள்ளுறதுன்னு ஒரு வெவஸ்தை வேணாம்?” என்று சின்னம்மா சத்தம் போடுவார். லட்சுமி என்கிற அந்தப் பசு பேசாமல் வைக்கோல் தின்னும். பதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அந்த வீட்டு எருமைக்குச் சொல்வதாக வரும்.

பொங்கல் அமர்க்களமாகப் போனது. மாட்டுப் பொங்கல் அன்றைக்கு அந்த லட்சுமிக்கு இரண்டு வீட்டிலிருந்தும் மாலை வந்தது. காணும் பொங்கலுக்குக் கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும் செய்தார்கள். பினாங்கில் அம்மா கிண்டும் களி ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இவர்கள் களியை மெல்லுவதே இல்லை, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறார்கள். நான் மென்றதைப் பார்த்து வசந்தா சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தாள்.

மறுநாள் அவள் என்னைச் செங்கம் சாலைக்குக் கூட்டிப்போனாள். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு நடமாடுகிறார்கள். ஒரு டீக்கடையில் ஆணி ஆணியாகக் கேமராவும் கைக்கடிகாரமும் தொங்கின. விற்பனைக்கா என்று கேட்டேன். மலை சுற்றப் போகிறவர்கள் மாட்டிவிட்டுப் போனது என்றார் கடைக்காரர். யாருடையது எது என்று எப்படித் தெரியும் என்றேன். “அவங்களுக்குத் தெரியும் இல்ல?” என்று அவர் திருப்பிக் கேட்டார். என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நம்பிக்கையுள்ள ஊரில் நான் மட்டும் இடுப்பில் பட்டையோடு திரிவது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் அவிழ்க்கவில்லை.

தை ஐந்தாம் நாள் வந்தது. அன்றைக்குத் திருவண்ணாமலை சுவாமி மணலூர்ப்பேட்டைக்கு எழுந்தருளித் தென்பெண்ணை ஆற்றில் தீர்த்தவாரி காண்கிறார். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளும் வருகின்றன. சாமி குளிக்கும் தண்ணீரில் தாமும் முழுகச் சனம் வண்டி கட்டிக்கொண்டு போகிறது. எங்கள் தெரு ஒரு லாரி பேசியிருந்தது. சின்னம்மா புளிச்சோற்றுத் தூக்கோடு முன்னால் ஏறினார், தனபாக்கியம் பெரியம்மா தயிர்ச்சோற்றுத் தூக்கோடு பின்னால் ஏறினார். வழியில் லாரி கொதித்து நின்றது. தண்ணீர் மொண்டு வர ஆளுக்கொரு பாத்திரத்தோடு ஓடினோம். ஊற்றியபோதுதான், யாரோ ரசத் தூக்கிலேயே மொண்டு வந்ததால் அதில் பாதி ரசம் என்று தெரிந்தது. அந்த நெடியோடுதான் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

எவ்வளவு பெரிய மணல்வெளி! தண்ணீர் ஓர் ஓரமாகப் போகிறது, மீதியெல்லாம் வெள்ளை மணல். எங்கள் கடற்கரை இதன் மடியில் படுத்துத் தூங்கும். மணல் முழுக்கக் கரும்புக்கட்டு, பொரி, மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சிறுவள்ளிக்கிழங்கு, வளையல் கடை, ராட்டினம். நடுநடுவே சாமி பல்லக்குகள். ஒரு பக்கம் மேளம், ஒரு பக்கம் வேட்டு. ஒலிபெருக்கி ஒன்று ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது: தாய்மார்கள் நகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும், தண்ணீருக்குள் முழுகி வந்து அறுக்கிறார்கள். நான் இடுப்புப் பட்டையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முதலில் அம்மாவின் வேண்டுதலை முடித்தோம். பாஸ்போர்ட்டை அன்று வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்திருந்தேன்; பட்டையை அவிழ்த்துச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டேன், சின்னம்மா என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று தரம் நனைத்தோம். ஈரச் சங்கிலி வெயிலில் மின்னியபோது சின்னம்மா அழுதுவிட்டார். அக்கா கழுத்தையே தொட்ட மாதிரி இருக்கு என்றார். நானும் அழுதேன்.

இனி நாங்கள் முழுக வேண்டும். நகையோடு முழுகக் கூடாது. நான் கரையில் இருக்கிறேன், நீங்கள் எல்லோரும் போய்வாருங்கள் என்றேன். இவ்வளவு தூரம் வந்து முழுகாமல் போவதா என்று சின்னம்மா ஒற்றை வார்த்தையில் அடக்கிவிட்டார். பிறகு அவர் செய்த காரியத்தை நான் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

தெருப் பெண்கள் சுற்றி நிற்க, மணலில் ஒரு மஞ்சள் துணியை விரித்தார். தோட்டைக் கழற்றிப் போட்டு, தோடு ஒரு ஜோடி, திருகாணி ரெண்டு என்று உரக்கச் சொன்னார். வளையல், மூக்குத்தி, வசந்தாவின் ஜிமிக்கி, எல்லாவற்றையும் அதே மாதிரி பேர் சொல்லிப் போட்டார். கடைசியில் என் கையிலிருந்து அம்மாவின் சங்கிலியை வாங்கி, பினாங்குச் சங்கிலி, இரட்டை வடம், கொக்கி ஒன்று என்று சொல்லித் துணியை முடிந்தார். முடிந்த மூட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தனபாக்கியம் பெரியம்மாவின் முன்னால் மணலில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. “வச்சிருக்கேன்னு சொல்லு” என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். பெரியம்மா தன் தூக்குச் சட்டியைப் பார்த்து, “இருக்கட்டும்” என்றார். மூட்டை அவர் மடிக்குள் போனது. பதிலுக்கு அவருடைய சுருக்குப்பை சின்னம்மாவின் கூடைக்குள் வந்தது. முதலில் நாங்கள் முழுக வேண்டும், பிறகு அவர் முறை.

நான் சின்னம்மாவின் காதைக் கடித்தேன். பேசாதவர்களிடமா கொடுப்பது? சின்னம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். என் வாழ்நாளில் கரையை வேறொருவர் பார்த்துக்கொள்ள நான் தண்ணீரில் இறங்கியது அதுதான் முதல் தடவை. தண்ணீர் சில்லென்று சுகமாகத்தான் இருந்தது. ஆனால் என் தலை முழுகிய ஒவ்வொரு தடவையும் கழுத்து கரைப்பக்கமே திரும்பியது. பெரியம்மாவின் மஞ்சள் முந்தானை தெரிந்தது, மறுபடி தெரிந்தது. அப்புறம் சுவாமி வந்தார். கூட்டம் முழுக்க அரோகரா என்று அலறியது, நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்து யாரோ வேட்டைக் கொளுத்திப் போட, கரும்பு வண்டி மாடு ஒன்று மிரண்டு, நுகத்தடியோடு கூட்டத்துக்குள் பாய்ந்தது.

மணல்வெளி முழுக்க ஓட்டமும் கூச்சலும். மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள், நல்ல வேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. நாங்கள் ஈரப் புடவையோடு கரையேறி வந்து பார்த்தபோது பெரியம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் மிதிபட்ட கரும்புச் சோகைதான் கிடந்தது.

தேடினோம். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னோம், அது நகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும் என்பதற்கு நடுவில் பெரியம்மாவின் பெயரையும் சொன்னது. பொழுது சாய்ந்தது. லாரிக்காரருக்கு அடுத்த நடை காத்திருந்தது. அவர் ஆரனை அழுத்த ஆரம்பித்துவிட்டார். பெரியப்பாவைப் பார்த்தால் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “வந்துடுவா” என்றார். அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டியைக் காணோம், மனிதருக்குச் சுண்ணாம்புதான் கம்மியாக இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னான்னு எழுதிக் குடுப்ப? என் ஓரகத்தி திருடிட்டான்னா? அந்த வார்த்தை என் வாயில வராது.”

“சின்னம்மா, உங்களுக்கும் அவங்களுக்கும்தான் ஆகாதே!”

“ஆகாது. அதனாலதான் குடுத்தேன். முன்ன ஒரு வருஷம் எங்க நாத்தனார்கிட்ட குடுத்தேன். அவ ராட்டினம் பாக்கப் போயிட்டா, ஒரு கம்மல் போச்சு. கேட்டா, நீ என் அண்ணிதானேன்னு சிரிக்கிறா. சொந்தம் அசந்துடும். இவ அசரமாட்டா. ஒரு திருகாணி கம்மியானாலும் நான் ஊரைக் கூட்டிடுவேன்னு அவளுக்குத் தெரியும். அவ உயிரே போனாலும் மூட்டை வரும்.”

சொல்லிவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. அம்மாவின் கழுத்தில் ஓடிய வெள்ளைக் கோடுதான் வழி முழுக்கக் கண்ணில் நின்றது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. சின்னம்மாவும் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன். நம்பிக்கைக்கு ஒன்றும் குறைச்சலில்லை, ஆனால் அடிக்கொரு தரம் வாசலுக்குப் போய் வந்தார். போனால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன் என்பார். லட்சுமி அவ்வளவு தண்ணீர் எந்நாளும் குடித்ததில்லை.

மறுநாள் பகலும் அப்படியே போனது. சாயங்காலம் வாசல் தெளித்துக்கொண்டிருந்த வசந்தாதான் முதலில் பார்த்தாள். ஏரிக்கரை மேல் தனபாக்கியம் பெரியம்மா வந்துகொண்டிருந்தார். தலை முழுக்க மணல், கால் புழுதி முட்டி வரைக்கும். தன் வீட்டு வாசலைத் தாண்டி நேராகச் சின்னம்மா வாசலுக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. தெருப் பெண்களைக் கூப்பிடச் சொன்னார். எல்லோரும் வந்து கூடிய பிறகுதான் மடியை அவிழ்த்தார்.

மஞ்சள் துணி, அதே முடிச்சு. தோடு ஒரு ஜோடி, திருகாணி ரெண்டு என்று அவரும் உரக்கப் பேர் சொல்லி எடுத்து வைத்தார். சின்னம்மா ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகாணியைத் திருகிப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரியெல்லாம் காத்துக் கொண்டுவந்தவரை நிற்க வைத்துக்கொண்டா சோதனை போடுவது? ஆனால் பெரியம்மா நிமிர்ந்து நின்றார். ஒவ்வொன்றும் சரி என்று கீழே வைக்கப்படும்போது அவர் முகத்தில் ஒரு கம்பீரம் ஏறிக்கொண்டே போனது. பார்க்காமல் வாங்கியிருந்தால்தான் அவருக்கு அவமானமாக இருந்திருக்கும். கடைசியில் என் சங்கிலி வந்தது. கொக்கியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லு என்றார் சின்னம்மா. பெரியம்மா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சங்கிலியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினேன்.

கல்யாணத்துக்கு ஆண்கள் ஏற்கெனவே அழைத்துவிட்டார்கள். ஆனால் பெண்ணைப் பெண் போய்க் குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டும். நான் பேச மாட்டேன், நீ போய் வை என்று சின்னம்மா என்னிடம் தாம்பாளத்தைக் கொடுத்தார். பினாங்கிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட கைலி ஒன்றையும் அதில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

மாடு பாய்ந்ததும் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்த் தூரத்து மணலில் விட்டுவிட்டதாம். எழுந்து பார்த்தால் இரண்டு பேர் கூடவே நடக்கிறார்கள். மூட்டையைக் கொடும்மா, நாங்கள் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று ஒரே கரிசனமாம். பெரியம்மா விறுவிறுவென்று நடந்துபோய், மணலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த யாரோ ஊர் பேர் தெரியாத பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். இது என் ஓரகத்தி நகை, நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னாராம். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அடியம்மா, அப்போ ஒரு பொட்டு குறையக் கூடாதே என்று அவர்கள் சுற்றி வேலி போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். விடிய விடிய முறை வைத்து முழித்திருந்தார்களாம். பஸ்ஸுக்குக் காசு தருவதாகவும் சொன்னார்கள். நெரிசல் பஸ்ஸில் இந்த மூட்டையோடு ஏற மாட்டேன் என்று பெரியம்மா விடியலில் கரும்பு வண்டிகளோடு கிளம்பிவிட்டார். பாதி தூரம் வண்டி, மீதி நடை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, விடியலில் கூட்டமில்லாத ஆற்றில் நல்லா முழுகியிருப்பீங்க என்றேன்.

“எங்க முழுகறது?” என்றார் பெரியம்மா. “முழுகினா மூட்டையை யார்கிட்ட குடுக்கறது? உங்க சின்னம்மா அங்க இல்லியே.”

ஊர் பேர் தெரியாதவர்கள் காவல் இருந்தார்கள், ஆனால் கையில் கொடுக்க ஆள் இல்லை. தாலி கட்டி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தவறாத முழுக்கு அந்த வருஷம் தவறிவிட்டது. அதைப் பற்றி அவர் குறைப்படவில்லை. குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டார். வரேன், ஆனா நானா போயி அவகிட்ட பேச மாட்டேன், அதையும் சொல்லிடு என்றார். வந்து சின்னம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். முழுகாத கதையைக் கேட்டதும் அவர் அடுப்பு ஊதப் போய்விட்டார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கல்யாணம் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. கத்திரிக்காய்ச் சாம்பாரும் அவியலும் ஜவ்வரிசிப் பாயசமுமாக ஊரே சாப்பிட்டது. தாலி கட்டி முடிந்ததும் பினாங்குப் பெரியம்மா சீர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் இடத்தில் நான். சங்கிலியை வசந்தாவின் கழுத்தில் போட்டேன். கொக்கி மாட்ட வரவில்லை. ஆற்று மணல் ஏதோ ஒட்டியிருந்ததோ என்னவோ, இரண்டு தரம் நழுவியது. மேளக்காரர் காத்திருக்கிறார், கேமராக்காரர் காத்திருக்கிறார்.

சின்னம்மா கூட்டத்தின் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே தூணோரம் தனபாக்கியம் பெரியம்மா நின்றிருந்தார்.

“காப்பாத்திக் கொண்டாந்தவளையே மாட்டச் சொல்லுங்க” என்றார்.

கூட்டம் வழி விட்டது. பெரியம்மா வந்து, என் கையிலிருந்து கொக்கியை வாங்கி, ஒரே அழுத்தில் மாட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு மாட்டையும் பார்க்காமல், காற்றையும் பார்க்காமல், நேராகச் சின்னம்மா முகத்தைப் பார்த்தார்.

“மாட்டிட்டேன். சரியா இருக்கான்னு பாத்துக்க.”

சின்னம்மா பார்க்கவில்லை. “பாக்க வேணாம்” என்றார்.

மேளம் கொட்டியது. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு அழுத அழுகையில் மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய்விட்டார்கள். பெரியப்பா மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டு, இதுக்குத்தான் இவ்வளவு நாளா என்ற மாதிரி பார்த்தார்.

நான் கிளம்பிய அன்று இரண்டு பேரும் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். கடலை உருண்டை, வடகம், அம்மாவுக்கு ஒரு புட்டியில் பெண்ணையாற்றுத் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு ஓயாமல் பேசினார்கள், என்னோடு இல்லை, அவர்களுக்குள்தான். இத்தனை வருஷப் பாக்கி. டிரைவர் ஏறி உட்கார்ந்தபோது சின்னம்மாவின் முகம் திடீரென்று வாடியது. என் பிரிவுக்குத்தான் என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன்.

“அது இல்லடி. வர்ற தைக்கு ஆத்துக்குப் போனா நகையை யார்கிட்ட குடுக்கறது?”

பெரியம்மாவும் கவலையோடு யோசித்தார்.

“கடைசி வீட்டு சுலோச்சனா இருக்கா இல்ல” என்றார். “அவகூட ஒரு சண்டை புடிச்சு வைப்போம்.”